சண்டைக் கதைக்குத் தாயக்கட்டை உதவுமா?

கேள்வி



நான் பிறந்து வளர்ந்தது இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இப்போது லக்கல புதிய நகரத்தில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். கடையில் ஆள் குறைந்த நேரத்தில் கொப்பியில் சித்திரக்கதை வரைவேன். ஒரு அத்தியாயம் எட்டுப் பக்கம். போட்டோகொப்பி எடுத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்.

கதை இதுதான். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம தண்ணீருக்குள் போய், ஊர் இடம் மாறியபின், வேலையில்லாத பொடியன்கள் சிலர் ஒரு மல்யுத்தக் குழு தொடங்கி ஊர் ஊராகக் காட்சி நடத்துகிறார்கள். குழுவில் பெரிய ஆள், முகமூடி போட்ட தசமுகன். இன்னொரு பக்கம் முத்துவேல் என்ற தோட்டத்துப் பொடியன் குத்துச்சண்டையில் மேலே வருகிறான். அவனுக்கு எதிராளி கொழும்பில் பயிற்சி எடுத்த ரொஷான்.

என் சிக்கல் என்னவென்றால், என் சண்டைகள் எல்லாம் ஒரே மாதிரி வருகின்றன. முத்துவேல் அடி வாங்குவான், விழுவான், அம்மாவை நினைப்பான், எழும்புவான், வெல்வான். மூன்றாம் அத்தியாயம் வாங்க வந்த ஒரு பிள்ளை படத்தைத் திறக்காமலே, “இவன்தானே வெல்லுவான் அண்ணா” என்று சொல்லிவிட்டது. சண்டையை முன்கூட்டித் திட்டமிட சிமியுலேட்டர்கள் இருப்பதாக நண்பன் சொல்கிறான். என்னிடம் இருப்பது பழைய போனும் ஒரு லூடோக் கட்டையும்தான். அவற்றை வைத்துச் செய்ய முடியுமா? கதை எழுதுகிறவன் கட்டை உருட்டி முடிவெடுப்பது முறையா? கடைசி அத்தியாயத்தில் முத்துவேலும் தசமுகனும் மோத வேண்டும். அதை எப்படித் திட்டமிடுவது?

ஒரு வாசகர், லக்கல

பதில்

அந்தப் பிள்ளை சொன்னதில் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது, தம்பி. முடிவு தெரிந்துவிட்டது என்பதற்காக யாரும் கதையை வெறுப்பதில்லை. முடிவை மனதில் வைத்துக்கொண்டே நீங்கள் நடுப்பகுதியையும் வரைகிறீர்கள். அதனால் ஒவ்வொரு குத்தும் அந்த முடிவை நோக்கி நேராக ஓடுகிறது. உங்கள் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். லூடோக் கட்டை அதற்குத் தாராளமாகப் போதும், இன்னொன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டை உருட்டுவது முறையா என்று தயங்க வேண்டாம். உருட்டி விழுந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் உங்கள் எழுத்து வேலை தொடங்குகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குத்துச்சண்டைக்கு ஒரு கருவி, மல்யுத்தக் காட்சிக்கு வேறொரு கருவி. குத்துச்சண்டையில் யார் வெல்வது என்பதைக் கட்டையிடம் விட்டுவிடுங்கள். மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பதை நீங்களே முதலில் தீர்மானித்துவிட்டு, எப்போது முடிப்பது என்பதை மட்டும் கருவியிடம் கேளுங்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

சிமியுலேட்டர் நமக்குப் புதிதும் இல்லை. பாடப்புத்தகத்தைத் திறந்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாகக் கணக்கு வைத்துப் புத்தகக் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். அதில் தற்செயல் இருந்தது, ஆள் இல்லை. சனத் ஜயசூரிய துடுப்பெடுத்தாடினாலும் பதினோராவது ஆள் வந்தாலும் புத்தகம் ஒரே மாதிரித்தான் திறக்கும். தொண்ணூறுகளில் பிள்ளைகள் பைத்தியமாகச் சேர்த்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் அட்டைகள் இதற்கு நேரெதிர். உயரம், எடை, நெஞ்சளவு, புஜம், தரவரிசை என்று அட்டை முழுக்க ஆள்தான், தற்செயலே கிடையாது. யோகொசுனா அட்டையை வைத்திருப்பவன் “எடை” என்று சொன்னால் மற்றவன் தன் அட்டையைப் பேசாமல் கொடுத்துவிட வேண்டும். இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று களைப்பு. முதல் சுற்றில் இருந்த ஆள் ஆறாம் சுற்றில் இருப்பதில்லை. தற்செயல், ஆள், களைப்பு மூன்றும் சேர்ந்தால் உங்களுக்குத் தேவையான சிமியுலேட்டர் கொப்பியின் ஒரே பக்கத்தில் அடங்கும்.

முதலில் முத்துவேல், ரொஷான் சண்டை. பாடசாலைக் குத்துச்சண்டைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914-இல் தொடங்கியது. 1938-இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கித் தந்ததே ஒரு குத்துச்சண்டை வீரர்தான், இறகு எடைப் பிரிவில் பார்னி ஹென்ரிக்கஸ். ஆனால் பாடசாலைச் சண்டை மூன்று சுற்றில் முடிந்துவிடும். களைப்பு வேலை காட்ட அது போதாது. உங்கள் கதையில் இருவரும் பாடசாலையைத் தாண்டி வந்தபின் ஆறு சுற்றில் மோதட்டும்.

ஒவ்வொருவருக்கும் மூன்று எண்கள் கொடுங்கள்: அடி, காப்பு, தம். ரொஷானுக்குப் பயிற்சியாளர் உண்டு, நல்ல கையுறை உண்டு. அவனுக்கு அடி 3, காப்பு 2, தம் 3. முத்துவேல் ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் ஓடிப் பழகியவன். அவனுக்கு அடி 2, காப்பு 1, தம் 5. ஒவ்வொரு சுற்றுக்கும் இருவருக்காகவும் இரண்டிரண்டு கட்டைகள் உருட்டுங்கள். விழுந்த கூட்டுத்தொகையோடு அவன் அடியைக் கூட்டி, எதிராளியின் காப்பைக் கழியுங்கள். தம் என்பது எத்தனை சுற்றுவரை மூச்சு நிற்கும் என்ற கணக்கு. அதைத் தாண்டிய முதல் சுற்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று கழித்துக்கொண்டே போக வேண்டும். தொகை கூடியவனுக்குச் சுற்று: 10-9. வித்தியாசம் ஏழு அல்லது அதற்கு மேல் என்றால் மற்றவன் தரையில் விழுந்து எழும்புகிறான்: 10-8. சமம் என்றால் 10-10.

ஒற்றைக் கட்டை ஏன் கூடாது என்றால், அதில் ஒன்றும் ஆறும் நாலும் எல்லாம் ஒரே வாய்ப்பில் விழும். இரண்டு கட்டையில் 7 விழ 36-இல் 6 வழி உண்டு, 12 விழ ஒரே வழி. மனிதனும் அப்படித்தான் சண்டை போடுகிறான். பெரும்பாலான சுற்றில் தன் அளவுக்கு, எப்போதாவது தன் அளவை மீறி. போனில் எக்செல் போட்டுச் செய்ய நினைத்தால் இதைக் கவனியுங்கள். ‘ராண்ட்பிட்வீன்’ சூத்திரத்தில் 2 முதல் 12 என்று ஒரே தடவை கேட்டால் 2, 7, 12 எல்லாம் சம வாய்ப்பில் வந்துவிடும். 1 முதல் 6 என்று இரண்டு தடவை கேட்டுக் கூட்ட வேண்டும்.

நான் கொடுத்த எண்களின்படி தொடக்கத்தில் ரொஷானுக்கு இரண்டு புள்ளி அதிகம். இரண்டு என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு புள்ளி மூன்று சுற்றில் இரண்டை அவனுக்குக் கொடுத்துவிடும். பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை முத்துவேலை விழுத்தவும் செய்யும். வித்தியாசம் இதற்கு மேலே போனால் சண்டை செத்துவிடும். நாயகனுக்கு எல்லா எண்ணையும் அள்ளிக் கொடுக்கும் ஆசை வரும். அதை அடக்கி வைத்தால்தான் இந்த விளையாட்டுக்கே பொருள் உண்டு.

உருட்டிப் பார்த்ததில் விழுந்தது இது. முதல் சுற்று: முத்துவேல் 8, ரொஷான் 7. கூட்டிக் கழித்தால் ரொஷான் 9, முத்துவேல் 8. நூலிழையில் ரொஷானுக்கு. இரண்டாம் சுற்று: முத்துவேல் 5, ரொஷான் 10-ஓடு இரண்டு, 12. வித்தியாசம் ஏழு. முத்துவேல் கீழே. மூன்றாவதில் கட்டை திரும்பியது: முத்துவேல் 11, ரொஷான் 3-ஓடு இரண்டு, 5. விழுந்தவன் எழும்பி அடுத்த சுற்றை வாரிக்கொண்டான். நான்காவதில் ரொஷானின் தம் முடிந்து ஒரு புள்ளி கழிகிறது. அப்படியும் 8 விழுந்து 9 ஆகிறது, முத்துவேல் 6. ரொஷானுக்கு. ஐந்தாவதில் முத்துவேல் 9, ரொஷான் 6, அவனுக்கு இப்போது கூட்ட ஒன்றுமே இல்லை. ஆறாவதில் முத்துவேலுக்கும் மூச்சு வாங்குகிறது: 9-இல் ஒன்று போய் 8. ரொஷானுக்கு விழுந்தது 2, அதிலும் ஒன்று போய் 1. மறுபடியும் ஏழு வித்தியாசம். ரொஷான் கீழே.

புள்ளிகளைக் கூட்டுங்கள். ரொஷான் 10, 10, 9, 10, 9, 8. முத்துவேல் 9, 8, 10, 9, 10, 10. இருவருக்கும் 56. சமநிலை!

இதை நீங்கள் உட்கார்ந்து யோசித்திருந்தால் எழுதியிருப்பீர்களா? நான் எழுதியிருக்க மாட்டேன். இரண்டாம் சுற்றில் விழுந்தவன் ஆறாம் சுற்றில் விழுத்துகிறான், அப்படியும் வெல்லவில்லை. மணி இன்னும் அரை நிமிடம் தாமதித்திருந்தால் வென்றிருப்பான் என்று முத்துவேல் தரப்பு சொல்லும். முதல் நாலு சுற்றில் மூன்று நம்முடையது என்று ரொஷான் தரப்பு சொல்லும். இரண்டும் நியாயம். இரண்டாம் முறை மோதுவதற்கு நீங்கள் தனியாகக் காரணம் தேட வேண்டாம், பிள்ளைகளே அதைக் கேட்பார்கள். மூன்றாவது சுற்றைப் பாருங்கள். விழுந்தவன் எப்படி உடனே எழும்பி அந்தச் சுற்றை எடுத்தான்? ரொஷான் முடித்துவிடலாம் என்று கையை விரித்து வந்திருப்பான், காப்பு திறந்திருக்கும். அம்மா நினைவுக்கு வராமலே முத்துவேல் அந்தச் சுற்றை எடுத்துவிட்டான்.

எட்டுப் பக்கத்தில் ஆறு சுற்றையும் வரையாதீர்கள். இரண்டாவதற்கும் ஆறாவதற்கும் மும்மூன்று பக்கம் ஒதுக்குங்கள். மற்ற நான்கும் ஒவ்வொரு பட்டைக்குள் போகட்டும். கட்டை சொன்னதை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சண்டையில் ஒரு தடவைக்கு மேல் மாற்றினால் பழைய முத்துவேல் திரும்பி வந்துவிடுவான்.

கட்டை கொடுக்காத ஒன்றும் உண்டு. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021-இல் வந்தது, பார்த்திருப்பீர்கள். வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் உலகம் அது. டான்சிங் ரோஸோடு நாயகன் கபிலன் மோதும் சண்டை எண்களுக்கு அருமையாக அடங்கும். ஒருவனுக்குக் கால், இன்னொருவனுக்குக் கை, யார் யாருடைய தாளத்துக்கு ஆடுகிறார்கள் என்பதுதான் போட்டி. ஆனால் வேம்புலியோடு கபிலன் மோதும் முதல் சண்டையில், வெற்றி கைக்கு எட்டும் நேரத்தில் மேடைக்கு வெளியே இருந்து கலவரம் உள்ளே வந்துவிடுகிறது. எந்தக் கட்டையை உருட்டினாலும் அது விழாது. சாதியும் அரசியலும் சூழ்ந்திருக்கும் மேடை அது என்று இயக்குநருக்குத் தெரியும், அதனால் எழுதினார். உங்கள் கதையிலும் தோட்டம், நகரம், இடம்பெயர்ந்த ஊர் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கனத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

கணினியை வைத்துக் கற்பனைக் குத்துச்சண்டை நடத்திய கதைகளில் மிகப் பெரியதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1967-இல் மயாமியைச் சேர்ந்த முர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் காலத்துக் கனரக எடை வீரர்களையும் ஒரே போட்டியில் இறக்கினார். இறந்தவர், ஓய்வு பெற்றவர், ஆடுபவர் என்று 16 பேர். அவர்களின் பலம், பலவீனம் எல்லாம் எண்களாகி என்.சி.ஆர். 315 கணினிக்குள் போயின. வெளியே வந்த முடிவுகளை வர்ணனையாளர் நேரடிச் சண்டை போலவே வானொலியில் சொன்னார். இறுதியில் ரொக்கி மார்சியானோ, ஜாக் டெம்ப்சியை வென்றார். முகமது அலியோ காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றுவிட்டார். அலிக்குக் கோபம். தன் பெயரைக் கெடுத்ததாகப் பத்து லட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்குச் சமரசத்தில் முடிந்தபோது ஒரு திரைப்படம் பிறந்தது. 1969-இல் அலியும், 1956-லேயே தோல்வி காணாமல் ஓய்வு பெற்றுவிட்ட மார்சியானோவும் மயாமியில் ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்குள் கமெராவுக்காக மோதினார்கள். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள். பல முடிவுகளைப் படம்பிடித்து வைத்தார்கள், எது உண்மையான முடிவு என்று மோதியவர்களுக்கே சொல்லவில்லை.

படம் வெளிவருமுன் 1969 ஆகஸ்ட் 31-இல் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20-இல் ஒரே இரவில் சுமார் 1500 அரங்குகளில் படம் ஓடியது. அமெரிக்கர்கள் பார்த்ததில் மார்சியானோ 13ஆம் சுற்றில் அலியை விழுத்தி வென்றார். ஐரோப்பாவில் காட்டிய ஒரு பிரதியில் அலி வென்றார்.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குத்துச்சண்டை சிமியுலேட்டராகத் தொடங்கிய வேலை, எந்த ஊர்க் கூட்டத்துக்கு எந்த முடிவு பிடிக்கும் என்ற கணக்கில் முடிந்திருக்கிறது. தொழில்முறை மல்யுத்தம் நீண்ட காலமாகச் செய்துவரும் வேலை அதுதான். இதில் இழிவு ஒன்றும் இல்லை. மல்யுத்தம் அதை ஒரு கலையாக வளர்த்துக்கொண்டது. 1989-இல் வின்ஸ் மக்மஹோனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன்பே தாங்கள் நடத்துவது முடிவு தீர்மானிக்கப்பட்ட கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. ரசிகர் யாரும் ஓடிப்போகவில்லை.

ஏன் ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமா? தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். சிவன் மன்மதனை எரித்துவிடுவார் என்று மடியில் கிடக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும் சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து பாட்டில் வாதாடுகிறது. தப்பு அடிக்கிறவர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். தசமுகனின் சண்டையை நீங்கள் திட்டமிட வேண்டியதும் அப்படித்தான்.

ஆகவே மல்யுத்தத்துக்கு அடி, காப்பு, தம் வேண்டாம். ஒரே எண் போதும்: கூட்டத்தின் சத்தம், பூச்சியம் முதல் பத்து வரை. யார் வெல்வது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். பிறகு துண்டுச் சீட்டுகளில் நிகழ்ச்சிகளை எழுதிக் குலுக்குங்கள்: கழுத்துப் பிடி, கயிற்றில் பாய்ச்சல், நடுவருக்குத் தெரியாமல் முடியைப் பிடித்தல், முகமூடியை இழுக்கப் பார்த்தல், வெளியே தள்ளுதல், இரண்டு எண்ணியதும் தோளைத் தூக்குதல். ஒரு சீட்டு முதல் முறை வந்தால் சத்தம் ஒன்று கூடும். இரண்டாம் முறை வந்தால் கூடாது. மூன்றாம் முறை வந்தால் ஒன்று குறையும். கூட்டம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்று தடைபட்டால் இரண்டு கூடும். சத்தம் ஒன்பதைத் தொட்டதும் மடித்து வைத்த தாளைத் திறந்து சண்டையை முடித்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம்.

குத்துச்சண்டை உடம்பின் தம் தீரும்போது முடிகிறது, மல்யுத்தம் பார்ப்பவரின் பொறுமை தீரும் முன்னால் முடிய வேண்டும். ஆங்கிலத்தில் இந்தத் தொழில் செய்பவர்கள் சண்டையை ஷைன், ஹீட், கம்பேக், ஃபினிஷ் என்று நாலாகப் பிரிப்பார்கள். நல்லவன் மினுங்குவது, கெட்டவன் அமுக்குவது, நல்லவன் திமிறுவது, முடிப்பது. சீட்டுகளை நீங்களும் அதேபோல் நாலு டப்பாவில் பிரித்துப் போட்டால் வரிசை தானாக அமையும். சத்தம் கூடாமல் ஹீட் இழுத்துக்கொண்டே போனால் அங்கேதான் பிள்ளைகள் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தசமுகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனை நீங்கள் கெட்டவனாக வரைந்திருக்கிறீர்களா என்பது கடிதத்தில் தெரியவில்லை. வரைந்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். வட இந்தியாவில் இராவணனாகப் பத்துத் தலை முகமூடி போட்டு ஒருவன் மேடை ஏறினால், வாய் திறக்கும் முன்பே கூட்டம் அவனை வெறுத்துவிடும். சிங்கப்பூர், மலாயா எல்லாம் போய் மல்யுத்தம் ஆடி, கிங் கொங் என்ற மல்யுத்த வீரரோடு மோதிப் புகழ்பெற்ற தாரா சிங், எண்பதுகளின் இறுதியில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகவே வந்தார். அவரை அந்த வேடத்தில் ஏற்க யாருக்கும் ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. லக்கலயில் நிலைமை வேறு. லக்கேகல மலையிலிருந்துதான் இராவணனின் தண்டு மொனர விமானம் பறந்தது என்று உங்கள் ஊர்ச் சிங்களச் சனம் பெருமையோடு சொல்கிறது. அங்கே தசமுகன் மேடை ஏறினால் கைதட்டு விழும். மாத்தளை நகரத்தில் பாதிக்குப் பாதி. அதே ஆள், அதே முகமூடி, அதே பிடி, சத்தம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. உங்கள் குழு ஊர் ஊராகப் போவதால் ஒவ்வொரு ஊருக்கும் தொடக்கச் சத்தத்தை வேறாக வையுங்கள். லக்கலயில் தசமுகனுக்கு நாலில் தொடங்கட்டும், வேறிடத்தில் பூச்சியத்தில். ஊருக்கு ஊர் நல்லவனும் கெட்டவனுமாக மாறிக்கொண்டே போகும் ஒருவன் அந்த முகமூடிக்குள் என்ன நினைத்துக்கொண்டிருப்பான்? உங்கள் கதையில் நான் வாசிக்க ஆவலாக இருப்பது அதுதான்.

நண்பன் சொன்ன மென்பொருள்களும் உண்மையில் இருக்கின்றன. ஆடம் ரைலண்ட் உருவாக்கிய ‘டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்’ வரிசையில் ஒரு முழு நிறுவனத்தையே நடத்தலாம். வீரர்களை ஒப்பந்தம் செய்து, யாரை யார் வெல்வது என்று நீங்கள் தீர்மானித்தால், கூட்டம் எப்படி ஏற்றது என்பதை அது மதிப்பிட்டுச் சொல்லும். குத்துச்சண்டைக்கு ட்ரன்சோ சகோதரர்கள் செய்த ‘டைட்டில் பவுட்’, 1979-இல் அவலோன் ஹில் நிறுவனம் வெளியிட்ட அட்டை விளையாட்டு, பின்னால் கணினிக்கும் வந்தது. அடிப்பதற்கு முன்பு சண்டை யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் தீர்மானிக்கும் அதன் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டும் நன்றாக இருக்கும், ஆனால் எண்கள் உள்ளே மறைந்திருக்கும். உங்களுக்கு இப்போது எண்கள் கண்ணுக்குத் தெரிவதுதான் முக்கியம். கட்டையும் சீட்டும் போதும்.

இனிக் கடைசி அத்தியாயம். முத்துவேல், தசமுகன். இதற்கு முன்னுதாரணம் உண்டு, அதைப் படித்துவிட்டு வரையத் தொடங்குங்கள். 1976 ஜூன் 26, டோக்கியோவின் புடோகான் அரங்கம். உலகக் குத்துச்சண்டைச் சம்பியன் முகமது அலி ஒரு பக்கம், ஜப்பானிய மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கி மறுபக்கம். 15 சுற்று. இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்து, அலியின் காலைத் திரும்பத் திரும்ப உதைத்தார். கிடப்பவனை அலியால் குத்த முடியவில்லை, அவர் வீசிய குத்துகள் மிகச் சில. முடிவு சமநிலை. காசு கொடுத்து வந்தவர்கள் கையில் கிடைத்ததை மேடையில் எறிந்தார்கள். அலியின் கால் வீங்கி வைத்தியசாலைக்குப் போக வேண்டியதாயிற்று.

அங்கே நடந்தது என்னவென்றால், ஒருவரின் உடம்பு தம் கணக்கில் இயங்கியது, மற்றவரின் தொழில் சத்தம் கணக்கில் இயங்க வேண்டியது. எதை எதால் அளப்பது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எது செய்யலாம், எது செய்யக்கூடாது என்று சண்டைக்கு முன் இழுபறிப்பட்டு எழுதிய விதிகள் இனோக்கியின் கையைக் கட்டிவிட்டன. தரையில் கிடப்பது அந்த விதிகளுக்குள் அவர் கண்டுபிடித்த வழி. அதனால் உங்கள் அத்தியாயத்தின் முதல் மூன்று பக்கம் மேடையில் நடக்க வேண்டாம். விதி எழுதும் மேசையில் நடக்கட்டும். முத்துவேலின் பயிற்சியாளர் கழுத்துப் பிடி கூடாது என்பார். தசமுகனின் ஆட்கள் கையுறை போடச் சொல்லக்கூடாது என்பார்கள். யாராவது ஒருவர் நடுவில், “யார் வெல்வது என்று பேசிவிட்டோமா?” என்று மெதுவாகக் கேட்பார். முத்துவேலுக்கு அந்தக் கேள்வியே விளங்காது.

பிறகு இரண்டு தாள்களையும் எடுங்கள். ஒன்றில் முத்துவேலுக்குக் கட்டை, மற்றதில் தசமுகனுக்குச் சீட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டையும் செய்யுங்கள். சத்தம் ஒன்பதுக்குப் போகுமுன் முத்துவேலின் தம் தீர்ந்துவிட்டால் சண்டை ஒரு மாதிரி முடியும். தம் இருக்கும்போதே சத்தம் ஒன்பதைத் தொட்டால், முடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தசமுகன் அறிவான், எதிரே நிற்பவனோ அறிய மாட்டான். அப்போது தசமுகன் விழுவதா நிற்பதா என்பதற்கு மட்டும் கட்டை உருட்ட வேண்டாம், அதை நீங்களே எழுதுங்கள். விதித் தாளில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஆறேழு வரிகளையும் அந்த அத்தியாயத்தோடு சேர்த்து எனக்கு ஒரு கொப்பி அனுப்பிவையுங்கள்.